கீழ்த்தட்டில் நாற்பத்து நாலரை

ஜூன் 3, திங்கள்

ஆய்வகக் குறிப்பேட்டில் எண்களுக்கு மட்டும்தான் இடம். தப்பாக எழுதினால் ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் போட வேண்டும். பதினாறு வருடம் அப்படி எழுதிய கைக்கு டைரியில் என்ன எழுதுவதென்று தெரியவில்லை. என் மகள் தாரகை வாங்கிக் கொடுத்தது. "எல்லாத்தையும் உள்ளயே வச்சுக்காதம்மா. எதுலயாவது கொட்டு" என்றாள். இப்போதுதான் பத்தாவது முடித்த பெண். இந்த வீட்டில் எனக்கு மாமியார் அவள்தான்.

சரி, கொட்டுகிறேன். இன்று நூற்றெட்டு பாட்டில்களை சேம்பருக்குள் வைத்தோம். தைராய்டு சுரக்காமல் பிறக்கும் குழந்தைகளுக்கான சொட்டு மருந்து. இப்போது கடையில் கிடைப்பதை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். எங்களுடையதை அலமாரியிலேயே வைக்கலாம் என்று நிரூபிக்கப் போகிறோம். சேம்பர் என்பது ஒரு சின்ன அறை. உள்ளே ஆறு மாதமும் நாற்பது டிகிரி சூடு, கூடவே புழுக்கம். மாதம் ஒருமுறை சில பாட்டில்களை எடுத்து, மருந்து எவ்வளவு மிச்சம் என்று அளப்பேன். ஆறு மாத முடிவில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் கெட்டிருந்தால் தோல்வி. அதற்குள் இருந்தால், வீட்டு அலமாரியில் இரண்டு வருடம் தாங்கும் என்று சொல்லலாம்.

மூன்று பேட்ச். முதல் இரண்டும் மேல் தட்டுகளில். மூன்றாவது கீழ்த்தட்டில். மூன்றாவது, உற்பத்திப் பிரிவு ரஹமத் நிஷா முதன்முதலாகத் தனியாகப் பொறுப்பேற்றுத் தயாரித்தது. பாட்டில்களை அடுக்கும்போது பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சேம்பரின் காற்றாடி மோட்டார் போன வாரம் கருகிவிட்டது. சனிக்கிழமை சர்வீஸ் கம்பெனியிலிருந்து ஞானப்பிரகாசம் என்பவர் வந்து புதிதாகப் போட்டார். தரையெல்லாம் பூட்ஸ் தடம். சொன்னேன். உடனே துணி கேட்டு வாங்கி அவரே துடைத்தார். இதுவரை யாரும் துடைத்ததில்லை.

மோட்டார் மாற்றினால் மூலைக்கு மூலை வெப்பநிலையை மறுபடி அளக்க வேண்டும் என்பது விதி. எங்கள் தரக்கட்டுப்பாட்டு மேலாளர் சந்தானகோபாலன் சாரிடம் கேட்டேன். "அதான் டிஸ்ப்ளே நாப்பது காட்டுதேம்மா. ஏப்ரல்லதானே அளந்தோம்?" என்றார். நானும் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

ஜூன் 4, செவ்வாய்

சேம்பர் 40.0. தாரகைக்குப் பதினொன்றாம் வகுப்புச் சீருடை தைக்கக் கொடுத்தோம். வேறொன்றும் இல்லை.

ஜூன் 21, வெள்ளி

மாதாந்திர சர்வீஸ். ஞானப்பிரகாசம் சார் வந்தார். வாசலிலேயே பூட்ஸைக் கழற்றிவிட்டு சாக்ஸோடு நடந்து வந்தார். சாக்ஸில் பெருவிரல் பக்கம் ஓட்டை. "மன்னிச்சுக்கங்க மேடம், இது தெரிஞ்சிருந்தா பூட்ஸோடயே வந்திருப்பேன்" என்றார். அரியாங்குப்பத்தில் வீடாம். தனியாகத்தான் சமைத்துச் சாப்பிடுகிறாராம். நான் கேட்கவில்லை. அவராகச் சொன்னது.

ஜூலை 3, புதன்

முதல் மாத அளவு. மேல் தட்டு இரண்டு பேட்சும் 99.3. ரஹமத்தின் பேட்ச் 98.8. அரைப் புள்ளி வித்தியாசம் கருவியின் தடுமாற்றமாகக்கூட இருக்கலாம்.

ஜூலை 12, வெள்ளி

இந்த மருந்தைக் கேட்டு எங்கள் பின்னாலேயே அலையும் குழந்தை மருத்துவர் ஒருவர் இன்று கம்பெனிக்கு வந்தார். கூடவே கல்வராயன் மலையிலிருந்து ஒரு தாய், சின்னப்பொண்ணு என்று பெயர். மடியில் ஏழு மாதப் பெண் குழந்தை.

"எப்படிம்மா மருந்து குடுக்கறீங்க?" என்று சந்தானகோபாலன் சார் கேட்டார்.

சின்னப்பொண்ணு இடுப்பிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தாள். மாத்திரை. "இத நாலா ஒடச்சி, ரெண்டு கரண்டிக்கு நடுவுல வச்சி நசுக்கி, பால்ல கரைச்சி ஊத்தறேங்க. பாதி கரண்டியிலயே ஒட்டிக்கும். மீதில பாதிய இவ துப்பிருவா. எவ்ளோ உள்ள போச்சுன்னு அந்த ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்."

"சொட்டு மருந்து வாங்கலையா?"

"எங்க ஊர்ல கரண்டே எப்ப வரும்னு தெரியாது. பிரிட்ஜுக்கு எங்க போக?"

இந்த வயதில் மருந்து குறைந்தால் மூளை வளர்ச்சி நின்றுவிடும் என்று டாக்டர் சொன்னார். குழந்தை என் லேப் கோட் பொத்தானைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. பதினாறு வருடமாக மருந்து அளக்கிறேன். அதைக் குடிக்கப்போகும் ஒருவர் என் பொத்தானைப் பிடித்தது இதுதான் முதல் தடவை.

ஆகஸ்ட் 2, வெள்ளி

இரண்டாம் மாதம். மேல் தட்டு இரண்டும் 98.6. ரஹமத்தின் பேட்ச் 97.6. இது கருவியின் தடுமாற்றம் இல்லை. அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 23, வெள்ளி

சர்வீஸ். புது சாக்ஸ். தற்செயலாகக் கண்ணில் பட்டது.

"இவ்ளோ நாள் உள்ள வச்சு அவிச்சு என்னதான் மேடம் பாக்கறீங்க?" என்று கேட்டார். வெப்பம் கூடக்கூட மருந்து கெடும் வேகமும் கூடும், எவ்வளவு கூடும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது, அந்தக் கணக்கு தெரிந்தால் இரண்டு வருடத்தை ஆறு மாதத்தில் பார்த்துவிடலாம் என்றேன். எல்லோரும் இந்த இடத்தில் செல்போனைப் பார்க்க ஆரம்பிப்பார்கள். இவர், "அப்ப குளிர்ல வச்சா காலம் மெதுவா போகுமா?" என்று கேட்டார். காலம் இல்லை, கெடுதல்தான் மெதுவாகப் போகும் என்றேன். பதினைந்து நிமிடம் பேசியிருப்போம். இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

தாரகை: "இன்னைக்கு ஃபேன் அங்கிள் வந்தாரா?"

"உனக்கெப்படித் தெரியும்?"

"சாம்பார்ல உப்பே இல்ல."

செப்டம்பர் 3, செவ்வாய்

மூன்றாம் மாதம். மேல் தட்டு 97.9, 97.9. ரஹமத்தின் பேட்ச் 96.4. இதே வேகத்தில் போனால் ஐந்தாம் மாதமே எல்லையைத் தாண்டிவிடும்.

மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் அதேதான்.

செப்டம்பர் 4, புதன்

எழுதவே கை வரவில்லை. கூட்டத்தில் சந்தானகோபாலன் சார் எல்லோர் முன்னாலும் ரஹமத்திடம், "மருந்து கெடாம இருக்கப் போடற பொருளை அளவு குறைச்சுப் போட்டுட்டியா? ஒழுங்கா எடை போட்டியா இல்லையா?" என்று கேட்டார்.

"போட்டேன் சார். ரெண்டு பேர் கையெழுத்து இருக்கு."

"கையெழுத்து இருக்கு. மருந்து இல்லையே!"

அவள் அழவில்லை. காதுமடல் மட்டும் சிவந்துபோனது. ஒரு வாரத்துக்குள் காரணம் தெரியாவிட்டால் இந்த மருந்தையே கைவிடுவதாக மேலிடம் முடிவு செய்திருக்கிறது. ரஹமத்தை மாத்திரை பேக்கிங் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள்.

கேன்டீனில் என் எதிரே உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "அக்கா, நான் சரியாத்தான் போட்டேன். ஆனா இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு. அதான் பயமா இருக்கு" என்றாள்.

செப்டம்பர் 6, வெள்ளி

ரஹமத்தின் பேட்சில் சேம்பருக்குள் போகாத பாட்டில்கள் ஸ்டோரில் இருந்தன. அவற்றில், மருந்து கெடாமல் இருக்கப் போடும் அந்தப் பொருளை அளந்தேன். சரியாக இருக்கிறது. மில்லிகிராம்கூடக் குறையவில்லை. அவள் சரியாகத்தான் போட்டிருக்கிறாள்.

அப்படியென்றால் கோளாறு எங்கே?

மதியம் சேம்பருக்குள் போய்க் கீழ்த்தட்டுப் பாட்டில்களைக் கையில் எடுத்துப் பார்த்தேன். லேபிளின் ஓரம் சுருண்டு, பசை இளகியிருந்தது. மேல் தட்டுப் பாட்டில்களில் லேபிள் அப்படியே ஒட்டியிருக்கிறது. ஒரே லேபிள், ஒரே பசை. சந்தானகோபாலன் சாரிடம் சொன்னேன். "லேபிள் சுருண்டா மருந்து கெடுமாம்மா?" என்றார்.

செப்டம்பர் 7, சனி. விநாயகர் சதுர்த்தி

கொழுக்கட்டை வேகும் நேரத்தில் சமையல் மேடையிலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இந்த மருந்தை ஐம்பது, அறுபது, எழுபது டிகிரிகளில் வைத்து, எந்தச் சூட்டில் எவ்வளவு வேகமாகக் கெடுகிறது என்று ஜனவரியிலேயே கண்டுபிடித்திருந்தேன். வழக்கமாக வெப்பநிலையைக் கொடுத்து வேகத்தைக் கணக்கிடுவோம். இன்று தலைகீழாகப் போட்டேன். வேகம் எனக்குத் தெரியும்: கீழ்த்தட்டில் மேல் தட்டைவிட ஒன்றே முக்கால் மடங்கு. அந்த வேகத்தில் கெட வேண்டுமானால் கீழே எத்தனை டிகிரி இருந்திருக்க வேண்டும்?

நாற்பத்து நாலரை.

இரண்டாம் மாத எண்களை வைத்துப் போட்டேன். அதுவும் ஏறக்குறைய அதேதான். மூன்று மாதமாக அந்தப் பாட்டில்கள் தெர்மாமீட்டராக நின்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கின்றன. நாங்கள்தான் சுவரில் இருந்த டிஸ்ப்ளேயைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அம்மா, தண்ணி வத்திப் பாத்திரம் தீயுது!" என்று தாரகை கத்தினாள். பிள்ளையாருக்கு இந்த வருடம் அடிப்பிடித்த கொழுக்கட்டை. மன்னிப்பார்.

செப்டம்பர் 10, செவ்வாய்

ஞானப்பிரகாசம் சாரை அவசரமாக வரச் சொல்லியிருந்தேன். டிஸ்ப்ளேயைப் பார்த்துவிட்டு, "நாப்பது புள்ளி ஒண்ணு காட்டுதுங்களே மேடம்" என்றார்.

"மேல நாப்பதுதான். கீழ்த்தட்டுல நாப்பத்தி நாலரை இருக்கு."

"கைய வச்சுப் பாத்தீங்களா?"

"இல்ல. கணக்கு போட்டுப் பாத்தேன்."

சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். பையிலிருந்து பேனாவை எடுத்து உள்ளங்கையில் 44.5 என்று எழுதிக்கொண்டார். "இருபத்தி ரெண்டு வருஷமா இந்த வேல பாக்கறேன். உள்ள போகாமலே சூடு சொன்னவங்க நீங்கதான். பாத்துருவோம்" என்றார். தீப்பெட்டி அளவில் ஒன்பது வெப்பப் பதிவுக் கருவிகளை உள்ளே மேலும் கீழும் மூலைக்கு ஒன்றும் நடுவில் ஒன்றுமாக வைத்துவிட்டுப் போனார். நாளைதான் எடுக்க வேண்டும்.

செப்டம்பர் 11, புதன்

நாற்பத்து நான்கு புள்ளி மூன்று!

கம்ப்யூட்டர் திரையில் எண் வந்ததும் தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். அழியாமல் வைத்திருந்தார். என்னைப் பார்த்தார், மறுபடி கையைப் பார்த்தார். "மேடம்..." என்றார். எனக்கு ஆய்வகத்தில் குதிக்கலாமா என்று இருந்தது. குதித்தேன் என்று, எண்ணைப் பார்க்க பேக்கிங்கிலிருந்து வந்திருந்த ரஹமத் சொல்கிறாள். எனக்கு நினைவில்லை.

பிறகுதான் அவர் மோட்டார் பெட்டியைத் திறந்தார். வெகுநேரம் உள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பியபோது முகம் வாடியிருந்தது.

"என்ன ஆச்சு?"

"மூணு ஒயர் மேடம். அதுல ரெண்டு இடம் மாறியிருக்கு. மாறினா மோட்டார் தலைகீழா சுத்தும். காத்து வரும், ஆனா பாதிகூட வராது. ஹீட்டர் கீழ பின்னால இருக்கு. சூட்ட அள்ளிட்டுப் போகக் காத்து இல்லாம அங்கயே நின்னுடுச்சு. சென்சார் மேல இருக்கறதால அதுக்கு ஒண்ணும் தெரியல." மோட்டாரிலிருந்து கையை எடுத்தார். "ஜூன் ஒண்ணாந்தேதி மாட்டினது நான்தான்."

அறையில் நாங்கள் இருவர் மட்டும்தான் இருந்தோம். ரஹமத் கேன்டீனுக்குப் போயிருந்தாள். ஒயரை மாற்றிச் செருகிவிட்டு, காற்றாடியில் தூசி என்று எழுதினால் யாருக்கும் தெரியப் போவதில்லை. எனக்கும்தான் தெரிந்திருக்காது, அவராகச் சொல்லியிருக்காவிட்டால்.

சர்வீஸ் அறிக்கையை எடுத்து எழுதினார். எழுத்து ஒவ்வொன்றும் அச்சுப்போல இருந்தது. "மோட்டார் இணைப்பில் என் தவறு. சுழலும் திசையைச் சரிபார்க்காமல் ஒப்படைத்தேன். ஞானப்பிரகாசம்."

"உங்க கம்பெனில என்ன சொல்வாங்க?" என்று கேட்டேன்.

"திட்டுவாங்க. ஆனா அந்தப் பொண்ணு பேர்ல பழி இருக்குல்ல மேடம்? அத எறக்கணும்னா வேற ஆள் பேர்ல ஏத்தித்தானே ஆகணும்."

நான் என் குறிப்பேட்டை எடுத்தேன். மோட்டார் மாற்றிய பிறகு வெப்பநிலையை மறுபடி அளக்காமல் பாட்டில்களை வைக்கக் கையெழுத்துப் போட்டது நான் என்று எழுதினேன். அதுவும் உண்மைதானே. இரண்டு காகிதங்களும் ஒன்றாகவே மேலிடத்துக்குப் போயின.

செப்டம்பர் 13, வெள்ளி

காலையில் அதே கூட்ட அறை, அதே ஆட்கள். சந்தானகோபாலன் சார் எழுந்து நின்றார். "ரஹமத், உன் பேட்ச்ல ஒரு குறையும் இல்ல. அளக்காம விட்டது என் தப்பு. எல்லார் முன்னாடியும் கேட்டேன், அதனால எல்லார் முன்னாடியும் சொல்றேன். மன்னிச்சுக்கம்மா."

அன்று அழாதவள் இன்று அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சார், இனிமே என் பேட்ச் மேல் தட்டுலதான் இருக்கணும்" என்றாள். அறையே சிரித்தது.

மருந்தைக் கைவிடவில்லை. ரஹமத்தும் மறுபடி உற்பத்திப் பிரிவில். மூன்று பேட்சிலும் புதுப் பாட்டில்கள், முதல் நாளிலிருந்து மறுபடி ஆறு மாதம். எனக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை வந்தது. ஃபைலில் வைத்துவிட்டேன்.

ஞானப்பிரகாசம் சாரைக் கடலூர் பக்கம் மாற்றிவிட்டார்களாம். இனி எங்கள் சேம்பருக்கு வேறு ஆள்.

செப்டம்பர் 18, புதன்

சேம்பரை எல்லா மூலையிலும் அளந்து முடித்தோம். கீழே 40.1. பாட்டில்கள் உள்ளே போயின. ரஹமத்தின் பேட்ச் மேல் தட்டில்.

அக்டோபர் 4, வெள்ளி

சர்வீஸுக்குப் புது ஆள் வந்தார். நல்லவர்தான். பூட்ஸோடு உள்ளே வந்தார்.

அக்டோபர் 18, வெள்ளி

முதல் மாதம். மூன்றும் 99.3. இந்த எண்ணை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. ரஹமத்திடம் சொன்னேன். சந்தோஷப்பட்டாள். இன்னும் யாரிடமோ சொல்ல வேண்டியிருப்பது போலவே இருந்தது.

அக்டோபர் 27, ஞாயிறு

கடலூருக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது என்று (இந்த வரியை ஒரே கோடு போட்டு அடித்து, சுருக்கொப்பம் போட்டிருக்கிறேன்.)

டிசம்பர் 1, ஞாயிறு

புயல். நேற்று முழுக்க அடித்தது. காலை ஆறரைக்குக் கம்பெனி வாட்ச்மேன் போன் செய்தார். மின்சாரம் எப்போதோ போய்விட்டது, ஜெனரேட்டர் இவ்வளவு நேரம் ஓடிவிட்டு இப்போதுதான் நின்றது என்றார். வில்லியனூரில் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். தாரகையை மாடி வீட்டில் விட்டுவிட்டு, பால் வண்டி ஒன்றில் ஏறிக்கொண்டேன்.

போகும் வழியில் புது சர்வீஸ் ஆளுக்குப் போன் செய்தேன். கிடைக்கவில்லை. உடனே ஞானப்பிரகாசம் சாருக்குப் போட்டேன். எண் மனப்பாடமாக இருந்தது. பழைய சர்வீஸ் அட்டையில் பார்த்துப் பார்த்துப் பதிந்திருக்கும்.

"சேம்பர் கதவத் தொறக்காதீங்க. உள்ள இருக்கற சூடு கொஞ்ச நேரம் தாங்கும். வர்றேன்" என்றார். அரியாங்குப்பத்திலிருந்து எப்படி வருவீர்கள் என்று நான் கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

பத்து மணிக்கு வந்தார். பைக் பாதி வழியில் நின்றுபோய்த் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார். கருவிப் பையை பிளாஸ்டிக் கவரில் சுற்றித் தலையில் வைத்திருந்தார். டீசலில் மழைத்தண்ணீர் கலந்திருந்தது. எல்லாவற்றையும் வடித்து, ஃபில்டரைக் கழுவி மாட்டி, பதினொன்றரைக்கு ஜெனரேட்டரை ஓட வைத்தார். அது உறுமிய சத்தம் கேட்டு நானும் வாட்ச்மேனும் கை தட்டினோம். டிஸ்ப்ளேயில் முப்பத்தொன்று வரை இறங்கியிருந்தது. மெல்ல ஏற ஆரம்பித்தது.

"மருந்து கெட்டிருக்குமா மேடம்?"

"குளிர்ந்தா மருந்துக்கு நல்லதுதான். கணக்குக்குத்தான் கெடுதல். அஞ்சு மணி நேரம் சேத்து வச்சா சரியாயிடும்."

தொப்பலாக நனைந்திருந்தார். மாற்றிக்கொள்ள ஒரு லேப் கோட் கொடுத்தேன். இரண்டு அளவு சின்னது, முழங்கையோடு நின்றுவிட்டது. கண்ணாடிக் கதவில் தன்னைப் பார்த்துக்கொண்டு, "இப்ப கேளுங்க, எந்த மூலையில எவ்ளோ சூடுன்னு நானும் சொல்றேன்" என்றார். வயிறு வலிக்கச் சிரித்தேன். என் கணவர் தயாளன் இறந்துபோன இந்த ஒன்பது வருடத்தில் இப்படிச் சிரித்ததாக நினைவில்லை.

கேன்டீன் பூட்டியிருந்தது. என் மேசையில் ஒரு பாக்கெட் ரஸ்க் இருந்தது. மின் அடுப்பில் பீக்கரில் தண்ணீர் கொதிக்க வைக்கலாம், ஆனால் ஆய்வகத்துப் பாத்திரத்தில் எதுவும் குடிக்கக் கூடாது என்பது விதி. அதனால் வெறும் ரஸ்க்கையே தின்றோம். அவருடைய மனைவி பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் காய்ச்சலில் போனாராம். பிள்ளைகள் இல்லை. இந்த முறை நானாகத்தான் கேட்டேன்.

டிசம்பர் 18, புதன்

மூன்றாம் மாதம். 97.9, 98.0, 97.9. மூன்றும் கைகோத்துக்கொண்டு நடப்பது போல.

அவருக்கு எண்ணை மெசேஜில் அனுப்பினேன். சேம்பர் வேலை பார்த்தவர் என்ற முறையில்.

ஜனவரி 14, செவ்வாய். பொங்கல்

அவர் போன் செய்து வாழ்த்துச் சொன்னார். பால் பொங்கும் நேரத்தில் சரியாக அடித்தது. பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. "ஃபேன் அங்கிள் போன் பண்ணாலே இந்த வீட்ல ஏதாவது தீயுது, இல்லன்னா வழியுது" என்றாள் தாரகை. ஸ்பீக்கரில் இருந்தது எனக்குத் தெரியாது.

பிப்ரவரி 7, வெள்ளி

அவரை எங்கள் கம்பெனி வேலைக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். சந்தானகோபாலன் சார்தான் கடிதம் எழுதிக் கேட்டிருக்கிறார். "தப்பு பண்ணா ஒத்துக்கற மெக்கானிக் கெடைக்கறது கஷ்டம்மா" என்றார். எனக்குத் தனிப்பட்ட முறையில் இதில் கருத்து எதுவும் இல்லை.

ரஹமத்: "அக்கா, இன்னைக்குப் புதுப் புடவையா?"

பழையதுதான். தீபாவளிக்கு வாங்கியது.

மார்ச் 18, செவ்வாய்

ஆறாம் மாதம். காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தேன். ரஹமத் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். கருவி ஒவ்வொரு பாட்டிலின் அளவையும் திரையில் கோடாக வரைந்துகொண்டு வந்தது. முதல் பேட்ச் 95.8. இரண்டாவது 95.9.

மூன்றாவது வரும்போது அவளால் பார்க்க முடியவில்லை. "சொல்லாதீங்க அக்கா. எழுதுங்க. நான் படிச்சுக்கறேன்" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

எழுதினேன். கண்ணைத் திறந்து படித்தாள். 95.9. எல்லை 95.

அவள் போட்ட சத்தத்தில் மாத்திரைப் பிரிவிலிருந்து ஆட்கள் ஓடி வந்துவிட்டார்கள். சந்தானகோபாலன் சார் அந்தக் காகிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மருத்துவருக்குப் போன் போட்டோம். அனுமதி வாங்கி, கடைக்கு வர இன்னும் பல மாதமாகும் என்று சார் சொன்னார். "வரும்ல? அது போதும்" என்றார் டாக்டர். சின்னப்பொண்ணுவின் குழந்தை பிடித்துக்கொண்டு நிற்கிறதாம். மாத்திரை நசுக்கும் கரண்டியைப் பார்த்தாலே வாயை இறுக மூடிக்கொள்கிறதாம். மருந்து தயாரானதும் முதலில் அவளுக்குத்தான் சொல்ல வேண்டும் என்றார்.

மார்ச் 20, வியாழன்

சாயங்காலம் தாரகையின் தலையைப் பின்னிக்கொண்டே பேச்சை ஆரம்பித்தேன். அவள் முகம் எனக்குத் தெரியாமல் இருப்பது வசதி.

"ஞானப்பிரகாசம் சார்னு ஒருத்தர் இருக்கார்ல..."

"எனக்குத் தெரியாத ஆளும்மா. சொல்லு."

"அவரை ஞாயித்துக்கிழமை சாப்பிடக் கூப்பிடலாமான்னு..."

திரும்பிவிட்டாள். பாதிப் பின்னல் கையோடு வந்துவிட்டது. கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள். "போன ஆகஸ்ட்லேர்ந்து வெயிட் பண்றேன்மா. உன் சேம்பர் பாட்டில்கூட இதவிட சீக்கிரம் முடிவு சொல்லிருக்கும்."

"அப்பாவ..." என்றேன்.

"அப்பா இருக்கற எடத்துல அப்பா இருப்பாரு. நீங்க ரெண்டு பேரும் வெறும் ரஸ்க் தின்னது போதும்."

ரஸ்க் விஷயம் அவளுக்கு எப்படித் தெரியும்? இந்த டைரியை இனிப் பூட்டி வைக்க வேண்டும்.

மார்ச் 23, ஞாயிறு

ஒரு மணிக்கு வரச் சொன்னேன். பன்னிரண்டு பத்துக்கே தெருமுனையில் நின்றுகொண்டிருந்ததை தாரகை மாடியிலிருந்து பார்த்துவிட்டாள். ஒரு மணி ஆனதும்தான் வந்து மணியடித்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழமும், தாரகைக்கு ஒரு பேனாவும்.

முருங்கைக்கீரை, வஞ்சிரம் வறுவல், ரசம். எல்லாவற்றிலும் உப்பு சரியாக இருந்தது. மூன்று முறை ருசி பார்த்தேன்.

சாப்பிடும்போது தாரகை விசாரணையை ஆரம்பித்தாள். "அங்கிள், உங்களுக்குக் கோவம் வருமா?"

"வரும்மா."

"யார் மேல?"

"பெரும்பாலும் மோட்டார் மேல."

"அம்மா கோவப்பட்டா என்ன பண்ணுவீங்க?"

அவர் யோசித்தார். "பூட்ஸக் கழட்டுவேன்" என்றார். தாரகைக்குப் புரையேறிவிட்டது. இரண்டு பேருமாகச் சேர்ந்து தண்ணீர் கொடுத்து, தலையில் தட்டினோம்.

சாப்பிட்டு முடித்ததும், எவ்வளவு சொல்லியும் கேட்காமல், தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்க் கழுவ ஆரம்பித்தார். நான் பக்கத்தில் நின்று துடைத்து அடுக்கினேன். என்ன சொல்வது, எந்த இடத்தில் ஆரம்பிப்பது என்று வெள்ளிக்கிழமையிலிருந்து யோசித்து வைத்திருந்தேன். வயது, தாரகையின் படிப்பு, ஊர், அவர் மாதா கோவில், என் பிள்ளையார் கோவில் என்று வரிசையாக வைத்திருந்தேன். அவர் மூன்றாவது தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். வரிசை முழுவதும் மறந்துபோனது.

"நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்றேன்.

தட்டைக் கீழே வைத்தார். குழாயை மூடினார். கையைக்கூடத் துடைக்காமல் என் பக்கம் திரும்பினார்.

"தண்ணி சத்தத்துல சரியா கேக்கல மேடம். இன்னொரு தடவ சொல்லுங்க."

முகமெல்லாம் சூடேறியது. ஆனாலும் சொன்னேன். முதல் தடவையைவிடத் தெளிவாக, அவர் கண்ணைப் பார்த்தே சொன்னேன்.

"மொதல் தடவையே கேட்டுச்சு" என்றார். ஈரக்கையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டார். "ரெண்டு தடவ கேக்கணும்னு இருந்துச்சு. பண்ணிக்கலாம்."

"எனக்கும் ரெண்டு தடவையும் கேட்டுச்சு!" என்று கூடத்திலிருந்து தாரகை கத்தினாள்.